கதவில்லாத காருக்கு ஒரு கையெழுத்து

போன மாதம் ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். மாற்றியமைத்த கார்களைச் சோதித்து, வீதியில் ஓடத் தகுதியானவை என்று சான்று கொடுக்கும் பொறியியலாளர் அவள். நான் ஓய்வு பெறும்வரை செய்ததும் அதே வேலைதான். மெல்பேர்ணின் ரோவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

"அங்கிள், ஒரு டி-பக்கெட் வந்திருக்கு. எலெக்ட்ரிக். ஆனா முன்னுக்கு ஒரு வீ-எய்ட் எஞ்சின் நிக்குது. உள்ளுக்க ஒண்டும் இல்லை, சும்மா கோது. இதை நான் எங்க இருந்து தொடங்கிறது?"

சிரிப்பை அடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எஞ்சினைக் காட்டுவதற்கென்றே பிறந்த கார் அது. இப்போது எஞ்சின் இல்லை, ஆனாலும் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"ஏறி இரு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பு. எட்டி முன்சில்லைப் பார்" என்றேன்.

"அவ்வளவுதானா? சீரியஸா?"

சீரியஸாகத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கதை சீரியஸானதில்லை. தொலைபேசியில் சொன்னால் அவள் வேலை கெடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். என் தகப்பனார், ஐயா, காணி உறுதி முடித்தாலும் பெருவிரல்தான், அரிசிக் கூப்பன் எடுத்தாலும் பெருவிரல்தான். அதனால் கையெழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதலான மரியாதை. கொழும்பில் ஒரு டிப்ளோமா, பஸ் டிப்போவில் கொஞ்சக் காலம், பிறகு எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ண். வாகனங்களைப் பதிவுக்கு முன் சோதிக்கும் ஒரு வளவில் இளநிலைச் சோதகனாக வேலை கிடைத்தது. பயிற்சிக் காலம் என்றால் கிறீஸ், மழைக்கோட்டு, விதிப்புத்தகம், அவ்வளவுதான். விதிப்புத்தகத்தைத் தேவாரம் போல மனப்பாடம் செய்தேன். யாராவது ஒரு பக்கத்தைச் சொன்னால் மிச்சத்தை நான் பாடுவேன். யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

வளவின் தலைமைச் சோதகர் ரொன். ஆறடிக்கு மேல் உயரம், ஒடுங்கிய முகம், எப்போதும் ஒரு தொப்பி. முதல் நாள் நான் அவரை "சேர்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அன்றிலிருந்து ரொன்.

ரொன் ஒரு காரைச் சோதிப்பது பூசை செய்வது போல இருக்கும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். தொப்பியைத் திருப்பி வைப்பார். சில்லுப் பூட்டிய பலகையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் வழுக்கிப் போவார். பெரிய கார், சின்னக் கார், பாதிரியாரின் கார் எதுவானாலும் கீழேயிருந்துதான் தொடக்கம். ஸ்டியரிங் மூட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "ம்" என்பார். மேலே உட்கார்ந்திருக்கும் நான் ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை இங்கும் அங்கும் ஆட்ட வேண்டும். மூட்டு தேய்ந்திருந்தால் அந்தத் தளர்வு விரலுக்குத் தெரிந்துவிடும். நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிழை கண்டால் சோக்கட்டியால் ஒரு வட்டம். கடைசியில்தான் வளவைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது.

பெயில் என்ற சொல் அவர் வாயில் வராது. "இந்தக் கார் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்க ஆசைப்படுகிறது" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு தசை அசையாது. அவர் சிரித்து வளவில் எவரும் கண்டதில்லை. அதைப் பற்றிப் பந்தயம் கட்டக்கூட யாரும் துணியவில்லை.

அப்போது நோபல் பார்க்கில் ஒரு பலகை வீட்டை நானும் நண்பன் யோகனும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். யோகன் டண்டினோங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வந்து ஒரு வருடம் ஆகுமுன் வேலைத்தலத்து மிக் என்பவன் அவனை ஹொட் ரொட் எனப்படும் மாற்றியமைத்த பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப் போனான். போன யோகன் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு வந்தது, சோறு தின்றது, வேலைக்குப் போனது. மிச்சமெல்லாம் பின்வளவு ஷெட்டில் ஒரு டி-பக்கெட் கட்டிக்கொண்டிருந்தது.

நான் குசினி மேசையில் விதிப்புத்தகம் படிப்பேன். ஷெட்டில் அவன் எஞ்சினை முடுக்குவான். அலுமாரியில் கோப்பைகள் தாளம் போடும். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா முதல் மாதம் வேலிக்கு மேலால் ஏசினார். இரண்டாம் மாதம் தக்காளி கொடுத்தார். அதற்கடுத்து ஷெட்டுக்குள்ளேயே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டி-பக்கெட் எங்கே பிறந்தது என்று தெரியாதவர்களுக்கு, யோகன் எனக்குப் பிரசங்கம் செய்தபடியே சொல்கிறேன். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஊரெல்லாம் ஓடிய டி மாடல் கார், பிறகு பழைய இரும்பாகி வேலியோரங்களில் கிடந்தது. கலிபோர்னியாப் பெடியன்களுக்கு அது பிடித்துப்போனது. விலை மலிவு, பாரமும் இல்லை. மட்காட்டைக் கழற்றினார்கள், கூரையைக் கழற்றினார்கள், கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய எஞ்சினைப் பூட்டி, வற்றிய ஏரித் தரைகளில் பறந்தார்கள். ஐம்பதுகளில் சிலர் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து அலங்கரித்தார்கள். பின்பெட்டியை முழக் கணக்கில் குறுக்கினார்கள். முன்னுக்கு மெலிந்த சின்னச் சில்லு, பின்னுக்குக் கொழுத்த பெரிய சில்லு. முன்கண்ணாடி செங்குத்து. ஸ்டியரிங் வளையம் பஸ்ஸில் போல எழுந்து நிற்கும். எஞ்சினுக்கு மூடி கிடையாது. ஆள் இருக்கும் இடம் மட்டும் ஒரு வாளி மாதிரி மிஞ்சியதால் பக்கெட் என்று பெயர்.

சஞ்சிகை அட்டைகளிலும் தொலைக்காட்சியிலும் அது வந்ததும் உலகம் பைத்தியமானது. கண்ணாடிநாரில் உடலை வார்த்து விற்கத் தொடங்கியபின் எந்த ஷெட்டிலும் ஒரு பக்கெட் பிறக்கலாம் என்றாகிவிட்டது. சஞ்சிகைகள் கப்பலேறி மெல்பேர்ண் வந்தன. இங்கே சட்டம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைக்கச் சொன்னது, மட்காட் பூட்டச் சொன்னது. இங்கத்தைய பெடியன்கள் சைக்கிள் மட்காட் போல மெல்லிய தகடு வளைத்துப் பூட்டி, வேண்டாவெறுப்பாகக் கீழ்ப்படிந்தார்கள். இன்றைக்கும் கடையில் பிள்ளைகளின் விளையாட்டுக் காரை எடுத்துப் பாருங்கள். முன்சில்லு சின்னன், பின்சில்லு பெரிசு, எஞ்சின் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதெல்லாம் அந்தப் பெடியன்களின் வேலை.

யோகனின் பக்கெட் செம்மஞ்சள் நிறம். என்னுடைய வெள்ளைக் காரை அதன் பக்கத்தில் நிறுத்த அவன் விடமாட்டான். "உன்ர காரைப் பாத்தால் பிரேதப் பெட்டி மாதிரிக் கிடக்கு மச்சான், அங்கால கொண்டுபோய் விடு" என்பான்.

இதற்கிடையில் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் வசந்தி, யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. யோகன் தன் படம் ஒன்றை அனுப்பினான், பக்கெட்டுக்கு முன்னால் நின்று எடுத்தது. வருங்கால மாமனார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெடியன் நல்ல பெடியன்தான். பின்னுக்கு நிக்கிறது உழவு மெசினோ?" என்று கேட்டாராம். கார் என்று சொன்னதும் அவருக்குக் கவலை பிடித்துவிட்டது. கதவும் கூரையும் இல்லாததைக் கார் என்கிறவன் வேறு எதையெதை என்னவென்று சொல்லியிருப்பானோ? வேலை, சம்பளம், வீடு எல்லாம் சந்தேகத்துக்குள் வந்தது. வசந்திதான் முடிவு சொன்னாள். அவள் எழுதி அனுப்பிய வரியை யோகன் ஷெட்டில் உரத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "நீங்கள் அந்தக் காரிலை எயார்போட்டுக்கு வந்தால், சொன்ன மிச்சத்தையும் நம்புவன்."

அவள் வருவது சனிக்கிழமை காலை. பதிவு இல்லாத கார் வீதியில் ஏற முடியாது. பதிவுக்குச் சோதனை வேண்டும். சோதனை அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. அதில் தவறினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும், மறுபடி முறை வர வாரக்கணக்காகும்.

வியாழன் பின்னேரம் குசினியில் அவன் மெல்லத் தொடங்கினான். "உன்ர ஒரு கையெழுத்துத்தானே மச்சான்."

"அதுதான் ஏலாது. ஒரே வீட்டில இருக்கிறம். நான் ரொன்னிட்டச் சொல்லிப்போட்டன், அவர்தான் பாப்பார்."

"சொல்லிப்போட்டியோ? நீயெல்லாம் ஒரு மனிசனோ?"

அதோடு என்னுடன் கதையை நிறுத்திவிட்டான். ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டான். பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போனான். உள்ளே திருகு சாவிகள் கிணுகிணுத்தது கேட்டது. கடைசி மெருகு போடுகிறான் என்று நினைத்தேன்.

வெள்ளி காலை யோகனும் மிக்கும் இன்னும் இரண்டு பெடியன்களும் பக்கெட்டை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ரொன் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். தொப்பியைத் திருப்பினார். அடியில் போனார்.

ஒரு வட்டம்கூட விழவில்லை. பிரேக் குழாய், பெற்றோல் தாங்கி, ஆசனப் பட்டி, மட்காட், ஹோர்ன் எல்லாம் சரி. ஸ்டியரிங் மூட்டுகளில் விரல் வைத்து "ம்" என்றார், நான் மேலே உட்கார்ந்து விரற்கடை விரற்கடையாக ஆட்டினேன். தளர்வு இல்லை. பக்கெட்டில் முன்சில்லுகள் கண்ணுக்கு நேரே இருக்கும். நான் ரொன்னின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரொன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் யோகன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். என்னை மன்னித்துவிட்டான் போலிருந்தது.

பிறகு ஓட்டம். ரொன் சாரதி இருக்கையில் மடங்கி இறங்கினார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. பக்கத்தில் நான், கையில் சோதனைத் தாள் செருகிய பலகை. எஞ்சினை முடுக்கினார். வளவின் மறுகோடியில் தேநீர் அறை ஜன்னல் அதிர்ந்தது. சோதனைக் கொட்டகையை விட்டு வெளியே வந்து, கூம்புகள் வைத்த பாதைக்குப் போக இடப்பக்கம் திருப்பினார்.

பக்கெட் வலப்பக்கம் போனது.

தேநீர் அறையை நோக்கிப் போனது. ஜன்னலுக்குள் நின்ற ஒருவர் கோப்பையோடு இரண்டு அடி பின்வாங்கினார். ரொன் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். இந்த முறை வலப்பக்கம் திருப்பி மெல்ல நகர்த்தினார். பக்கெட் பணிவாக இடப்பக்கம் திரும்பியது. மீண்டும் நிறுத்தினார்.

அவருடைய தோள் குலுங்குவதை நான்தான் முதலில் கண்டேன். ஏதோ நெஞ்சுவலி என்று பயந்துவிட்டேன். பிறகு சத்தம் வந்தது. அந்த ஒடுங்கிய முகத்துக்குள் அவ்வளவு சிரிப்பு எங்கே இருந்ததோ தெரியாது. தேநீர் அறைக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள், காரைப் பார்க்க அல்ல, ரொன்னைப் பார்க்க.

நிறுத்தி இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை. வலப்பக்கம் போக இடப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் போக வலப்பக்கம் திருப்பி, நடை வேகத்தில் கூம்புகளுக்கு ஊடாகப் போனார். ஒன்றை இடித்தார். இரண்டாம் சுற்றில் ஒன்றையும் இடிக்கவில்லை. மூன்றாம் சுற்றும் போனார். மூன்றாம் சுற்றுக்கு விதியில் எந்தத் தேவையும் இல்லை என்பதை மனப்பாடமாக அறிந்த நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்து யோகனிடம் சொன்னார், இவ்வளவு கவனமாகப் பூட்டிய காரைத் தான் நெடுநாளாகக் கண்டதில்லை, ஒவ்வொரு மூட்டும் தங்கம், ஒரே ஒரு விஷயம், இது மற்றப் பக்கம் போகிறது என்று.

யோகனின் முகம் சாம்பலாகியது. "வடிவுக்குத் திருப்பினனான் மச்சான்" என்றான் என்னிடம், தமிழில்.

நடந்தது இதுதான். ஸ்டியரிங் பெட்டியில் ஒரு இரும்புக் கை கீழ்நோக்கித் தொங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் நுனி முன்னுக்கோ பின்னுக்கோ போகும், நுனியில் பூட்டிய நீளத் தண்டு சில்லைத் தள்ளும் அல்லது இழுக்கும். யோகனின் தண்டு கண்ணாடி போல மெருகிட்டது. அது காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே மறைந்து கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வியாழன் பின்னேரம் கையைக் கழற்றி மேல்நோக்கித் திருப்பிப் பூட்டிவிட்டான். தண்டு சட்டத்துக்கு மேலே நேர்கோடாக மின்னியது. கீழே இருந்தபோது முன்னுக்குப் போன நுனி, மேலே வந்ததும் பின்னுக்குப் போகும் என்று அவன் யோசிக்கவில்லை. அவனுக்குத் தெரியாததல்ல. தண்டின் அழகு கண்ணை மறைத்துவிட்டது. ஷெட்டிலிருந்து ட்ரெய்லருக்கும், ட்ரெய்லரிலிருந்து கொட்டகைக்கும் நேராகத் தள்ளியதால் வழியிலும் தெரியவில்லை.

கையைத் திரும்பக் கீழே பூட்டினால் போதும். ஆனால் சுவரில் பெரிய எழுத்தில் அறிவித்தல்: வளவுக்குள் பழுதுபார்த்தல் தடை. ரொன் சோதனைப் பலகையை என்னிடம் வாங்கி, கடைசிக் கட்டத்தை நிரப்பாமலே திருப்பித் தந்தார். சோதனை இன்னும் முடியவில்லை, தான் தேநீர் குடிக்கப் போவதாகச் சொன்னார். அவர் தேநீரை நின்றபடி ஒரே மடக்கில் குடிக்கிறவர். அன்று பிஸ்கட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

யோகன் அறிவித்தலைப் பார்த்தபடி நின்றான். "முடிஞ்சுது. அவள் வந்து பஸ்ஸில போகட்டும்."

நான் அதே அறிவித்தலை இன்னொரு தடவை வாசித்தேன். விதிப்புத்தகத்தோடு வாழ்ந்தவனுக்கு அதில் ஒரு பயன் உண்டு.

"வளவுக்குள்ளதானே கூடாது" என்றேன். "படலைக்கு வெளியில வீதியோரம் வளவில்லை."

மூன்று பேர் தள்ள, யோகன் ஸ்டியரிங்கில். வாசல் படலை ஒடுக்கம். சாய்ந்து திரும்பித்தான் போக வேண்டும். யோகனின் கை பழக்கத்தில் சரியான பக்கம் திருப்ப, கார் பிழையான பக்கம் போய்த் தூணைத் தேடியது. மிக்கும் மற்றவர்களும் பின்னாலிருந்து மற்றப் பக்கம், மற்றப் பக்கம் என்று கத்தினார்கள்.

"எந்த மற்றப் பக்கம்?" என்று யோகன் அழாக்குறையாக என்னைக் கேட்டான்.

காரைத் தள்ளவோ திருத்தவோ எனக்கு அனுமதி இல்லை. வாயால் சொல்லக்கூடாது என்று விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. "உனக்கு எது பிழையெண்டு படுதோ, அதைச் செய்" என்றேன்.

அப்படித்தான் வெளியே போனான்.

வீதியோரப் புல்லில் அந்த இரும்புக் கை கழன்று வர மறுத்தது. முந்தின நாள் அவ்வளவு இறுக்கியிருந்தான். இழுக்கும் கருவியை வீட்டில் விட்டுவிட்டார்கள். கடைசியில் மிக் ஒரு பக்கமும் யோகன் மறுபக்கமும் நின்று, இரண்டு சுத்தியலால் ஒரே கணத்தில் அடித்தார்கள். ஒரே கணத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அசையாது. யோகன் தமிழில் எண்ண, மிக் ஆங்கிலத்தில் எண்ண, இருவரும் தப்பித் தப்பி அடித்தார்கள். பிறகு மிக் வாயை மூடிக்கொண்டு யோகனின் "மூண்டு"க்குக் காத்திருந்தான். மூன்றில் கை கழன்றது. சில்லை நேராக்கி, கையைக் கீழே தொங்கவிட்டுப் பூட்டி, பூட்டு கழலாதபடி ஊசி குத்தி வளைத்தார்கள். மெருகிட்ட தண்டு சட்டத்துக்குக் கீழே மறைந்தது. யோகன் ஒரு தடவை அதைத் தடவிவிட்டான்.

ரொன் உதட்டில் பிஸ்கட் தூளோடு வந்தார். மீண்டும் அடியில் போய் விரல் வைத்தார். மீண்டும் ஓட்டினார். இடப்பக்கம் திருப்பினார், பக்கெட் இடப்பக்கம் போனது. அவர் முகம் கொஞ்சம் வாடியதை நான் சத்தியமாகக் கண்டேன்.

சோதனைத் தாளில் கையெழுத்திட்டு, இரண்டாம் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். நண்பனின் கார் என்று நினைவூட்டினேன். சோதித்தது நான், நீ பக்கத்தில் இருந்து கண்டவன், கண்டதற்குத்தான் இந்தக் கையெழுத்து என்றார். முழுப் பெயரையும், ஐயாவின் பெயரையும் சேர்த்து எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போனது. அன்று மாலையே பதிவு முடிந்து இலக்கத் தகடு பூட்டியாயிற்று.

சனி காலை டலமரீன் விமான நிலையம். பக்கெட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம், பெட்டி வைக்க இடமே இல்லை. அதனால் என் வெள்ளைப் பிரேதப் பெட்டிக்கும் வேலை வந்தது. நான் பின்னால் போனேன்.

வசந்தி சிவப்புச் சேலையில், மேலே சாம்பல் கம்பளிச் சட்டையோடு வந்தாள். பக்கெட்டைச் சுற்றி, ரொன்னைப் போலவே, ஒரு தடவை நடந்தாள்.

"கதவு எங்க?"

"இல்லை" என்றான் யோகன்.

"கூரை?"

"அதுவும் இல்லை."

"அப்ப ஐயா கேட்டது பெரிய பிழையில்லை."

செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, பின்சில்லில் கால் வைத்து ஏறி உள்ளே இறங்கிவிட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். யோகன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"வசந்தி, ஒண்டு சொல்லோணும். நேற்று மத்தியானம் வரைக்கும் இது இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்ப?"

"இப்ப சரி. கையெழுத்து வச்சுத் தந்திருக்கினம். இவனும் வச்சவன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையெழுத்தை எவ்வளவு மதித்தாள் என்று சொல்ல முடியாது. வலக்கையை நீட்டி, வளையல் குலுங்க, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். இடக்கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எட்டி முன்சில்லைப் பார்த்தாள். சில்லு இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டியரிங்கைப் பழையபடி நேராக்கிவிட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"சரி, போவம்."

எஞ்சின் சத்தத்துக்குத் தள்ளுவண்டிகளோடு நின்ற சனமெல்லாம் திரும்பியது. நான் பெட்டிகளோடும் ஒரு சோடிச் செருப்போடும் பின்னால் போனேன். முதல் வளைவில் யோகன் இடப்பக்கம் திருப்பினான். சிவப்புச் சேலை பறக்க, வசந்தி இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை முதல் கார் வந்ததும் நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி, எட்டி முன்சில்லைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பாதி கழற்றியபடி நின்ற ரொன், அது விதிப்புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை, சனிக்கிழமை ஒரு ஆசிரியை செய்யக் கண்டேன் என்றேன். அவர் சில்லுப் பூட்டிய பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, குனிந்து, மறுபக்கச் சில்லைத் தானும் பார்த்தார்.